ஊறல் தண்ணிக்கு யார் காவல்? டெல்டா புழுங்கல் ஆலைகளுக்கு ஒரு கணக்கு

நீடாமங்கலம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கும் என் மாமா, மாசி மாதம் ஒரு நாள் விடிகாலையிலேயே போன் செய்தார். "மாப்ளே, வாய்க்கா நாறுதுன்னு ஊர்ல நாலு பேரு வந்து மில்லு வாசல்ல நின்னுட்டாங்க. மாசு வாரியத்துக்கு மனு போடுவோம்ங்கிறாங்க. இந்தச் சுற்றுச்சூழல் வேலைக்குன்னே ஒரு ஆளப் போட்டுடலாம்னு பாக்குறேன். வாரியத்துக் காகித வேலை பாக்குற இப்ப இருக்குற ஏஜென்ட்டே போதுமா, இன்ஜினியர் வேணுமா, இல்ல நம்ம பாய்லர் பையனையே படிக்க வச்சுடலாமா? நீதான் கணக்குப் பாக்குறவன், ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு."

நான் ஆலைகளுக்கு வரவு செலவு எழுதுகிறவன், சுற்றுச்சூழல் படித்தவன் இல்லை. ஆனால் எந்த ஆலையில் எதற்குப் பணம் போகிறது, எது வீணாகப் போகிறது என்பது என் மேசைக்கு வந்துதான் தீரும். அதனால் அவர் கேட்டதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன்.

முதலில் எதைக் காவல் காக்கப்போகிறோம் என்று தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு 50 டன் நெல் அவிக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். அவிக்கும் முன் நெல்லை ஊறவைக்கிற தண்ணீர்தான் ஊறல் தண்ணீர். கிலோ நெல்லுக்கு ஒன்றேகால் லிட்டர் அளவில் அது பிடிக்கும், அதாவது 60,000 லிட்டருக்கு மேல். நெல் தன் பங்கைக் குடித்தது போக, நாலு டேங்கர் லாரி அளவுக்கு மஞ்சள் பூத்த, புளித்த வாடை அடிக்கிற தண்ணீர் தொட்டியின் அடியிலிருந்து வெளியே வரும். அதில் விஷம் ஒன்றும் இல்லை; மாவும் சர்க்கரையும் உமிச்சாறும்தான். சிக்கலே அதுதான். வாய்க்காலில் இருக்கும் நுண்ணுயிர்கள் இதை விருந்தாகச் சாப்பிட்டுத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்தப் பசியை அளப்பதுதான் பி.ஓ.டி. ஊறல் தண்ணீரில் அது லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராமில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். ஆற்றில் விட வேண்டுமானால் 30, நிலத்துக்குப் பாய்ச்ச வேண்டுமானால் 100 என்பது பொது வரம்பு.

அடுத்தது உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி என்றால் 50 டன்னுக்கு 10 டன். முழுவதையும் எரித்தால் ஏறக்குறைய 2 டன் சாம்பல். புகையிலிருந்து சாம்பலைப் பிரித்துப் பிடிக்கும் சைக்ளோன் ஒழுங்காக வேலை செய்யவில்லையென்றால், அதில் ஒரு பகுதி பக்கத்து வீட்டு மாடியில் காயும் வேட்டியிலும், களத்தில் காயும் அடுத்தவன் நெல்லிலும் போய் விழும்.

நம் டெல்டாவுக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை ஆற்றில் தண்ணீர் ஓடும். சம்பா அறுவடை முடிந்து, நெல் குவிந்து, ஆலைகள் ராப்பகலாக ஓடுவது தையிலும் மாசியிலும். அதாவது நாம் அதிகமாக அவிக்கிற நாட்களில் ஆறு வறண்டு கிடக்கும். ஐப்பசியில் கோரையாறு இழுத்துக்கொண்டு போய் மறைத்த அதே தண்ணீர், மாசியில் வாய்க்காலில் குளம் கட்டி நின்று ஊரைக் கூட்டும். மாமாவுக்கு மனு மாசியில் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஏஜென்ட்

பெரும்பாலான ஆலைகள் நம்பியிருப்பது இந்த வழியைத்தான். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை, பிறகு காலாகாலத்தில் புதுப்பித்தல். எல்லா விண்ணப்பமும் இப்போது ஆன்லைன். கட்டணம் கட்ட, வரைபடம் போட, ஆய்வறிக்கை சேர்க்க என்று ஒருவர் இருந்தால் தலைவலி இல்லை. இந்த வேலைக்கு ஏஜென்ட் நல்ல ஆள்தான். மாதச் சம்பளம் கிடையாது, வேலைக்குக் கூலி.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், காகிதத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தண்ணீரையும் பார்த்துக்கொள்கிறார் என்று முதலாளி நினைத்துக்கொள்வதில். மாமா ஆலையின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். சுத்திகரிப்புத் தொட்டிக்கான திட்டத்தில் ஒரு நாள் கழிவுநீர் 15,000 லிட்டர் என்று போட்டிருந்தது. சீசனில் வெளியே வருவது அதைப்போல் மூன்று மடங்கு. எப்படி வந்தது 15,000 என்று பக்கம் பக்கமாகப் புரட்டினால், ஏழாம் பக்கத்தில் வேறொரு ஆலையின் பெயர்! பக்கத்து மாவட்டத்துச் சின்ன ஆலைக்குப் போட்ட அறிக்கையில் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் மாற்ற மறந்துவிட்டார். அந்த அளவுக்குத்தான் தொட்டியும் கட்டியிருக்கிறது. மாசி மாதம் அது நிரம்பி வழியாமல் வேறு என்ன செய்யும்?

சரி, வாரிய இணையதளத்தில் நம் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், லாகினும் பாஸ்வேர்டும் ஏஜென்ட்டிடம். பதிவு செய்திருந்த போன் நம்பரும் அவருடையது. ஆலை மாமாவுடையது, ஆலையின் சாவி இன்னொருவர் சட்டைப் பையில். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாற்பது ஆலை பார்க்கிறவருக்கு உங்கள் தொட்டி நாற்பதில் ஒன்று.

போதாக்குறைக்கு "ஐ.எஸ்.ஓ. 14001 வாங்கித் தர்றேன், ஆபீஸ்ல மாட்டிக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தர அமைப்பு நல்லதுதான். நம் வேலையில் எது எதைக் கெடுக்கிறது என்று பட்டியல் போட்டு, இலக்கு வைத்து, தவறினால் திருத்தி, வருடா வருடம் சரிபார்க்கச் சொல்லும் முறை அது. உள்ளே அந்தப் பழக்கம் வராமல் சான்றிதழ் மட்டும் வாங்குவது, ஊறாத நெல்லை அவிப்பது மாதிரி.

இன்ஜினியர்

சுற்றுச்சூழல் பொறியியல் படித்த ஒருவரை முழுநேரமாக வைப்பது இரண்டாவது வழி. படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியின் அளவு தப்பு என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

மாதம் 30,000 சம்பளம் என்று வைத்தாலும் வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்து கொடுக்கும் ஆலையில் அரவைக் கூலி, மிஞ்சும் தவிடு, குருணை, உமி இவற்றில்தான் லாபம். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி கொடுத்தாக வேண்டும். அந்த இடுக்கில் மூன்றரை லட்சம் சின்னத் தொகை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், வருடத்தில் பாதி நாள் அவருக்கு அங்கே வேலை இருக்காது. வேலை தெரிந்த பிள்ளை, வேலை இல்லாத இடத்தில் நிற்காது. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இப்படிச் சேர்ந்த பெண் ஒருவர் நாலாம் மாதம் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். நல்ல முடிவு என்றுதான் நானும் சொன்னேன்.

சர்க்கரை ஆலை, சாராய வடிப்பாலை, சாயப்பட்டறை என்றால் என் விடை அப்படியே மாறிவிடும். அங்கே ரசாயனம் வேறு, அளவு வேறு. அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்கள் என்று மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சர்க்கரை, வடிப்பாலை எல்லாம் அதில் உண்டு. கழிவின் அளவீட்டை இருபத்துநாலு மணி நேரமும் கருவி வழியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள். அங்கே படித்த ஆள் இல்லாமல் ஓட்டுவது விளையாட்டில்லை.

நாலைந்து ஆலை சேர்ந்து ஓர் இன்ஜினியரை வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆலைக்கும் அவசரம் ஒரே மாசியில் வரும். அதுவும் போக, தன் தொட்டி நாறுவதை எதிர் ஆலைக்காரரும் சம்பளம் கொடுக்கிற ஆளிடம் காட்ட எந்த முதலாளிக்கு மனசு வரும்? விட்டுவிட்டேன்.

பாய்லர் பையன்

மூன்றாவது வழி நம் ஆளையே பழக்குவது. பாய்லர் பையன் என்று மாமா சொன்னவருக்கு வயது முப்பத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர். பாய்லர் ஆபரேட்டருக்கான சான்றிதழ் வைத்திருக்கிறார். அதாவது மணிக்கு ஒரு தரம் பிரஷரையும் தண்ணீர் மட்டத்தையும் பார்த்து நோட்டில் எழுதும் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. என் கணக்கில் பாதிச் சுற்றுச்சூழல் படிப்பு அந்தப் பழக்கம்தான்.

அவர் கற்றுக்கொள்ள வேண்டியது மலையளவு இல்லை. வாய்க்காலில் நுண்ணுயிர்கள் சாப்பிடுகிற விருந்தை, காற்று ஊதிக்கொடுத்து ஆலைக்குள்ளேயே சாப்பிட வைப்பதுதான் சுத்திகரிப்பு. அந்தக் காற்றேற்றும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தண்ணீர் மொண்டு, அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். கசடு கீழே இறங்கி 200 முதல் 350 மில்லிக்குள் நின்றால் தொட்டி நலம். 100-க்குக் கீழே போனால் நுண்ணுயிர் போதவில்லை. 700-க்கு மேல் பஞ்சு மாதிரி உப்பி நின்றால் வியாதி. நிறம் பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் நல்லது. கறுத்து அழுகின முட்டை வாடை அடித்தால் காற்று போதவில்லை, காற்று ஊதும் புளோயரைப் போய்ப் பார் என்று பொருள். இதற்குத் தேவை ஒரு ஜாடி, ஒரு கடிகாரம், ஒரு மூக்கு. தினமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தினமும் வர முடியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று சீசன் சங்கதி. ஆலை இரண்டு மாதம் நின்றால் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினியில் சாகும். அறுவடை தொடங்கி ஊறல் தண்ணீர் திடீரென்று வந்து விழும்போது அதைத் தின்ன ஆள் இருக்காது. திரும்ப வளர்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சாணக் கரைசலும் வெல்லமும் போட்டு, சீசனுக்கு முன்பே தொட்டியை உயிர்ப்பித்து வைக்க வேண்டும். தோசை மாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி விடுவது போலத்தான், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் எப்போது முதல் லோடு வரும் என்பது ஆலைக்குள் இருக்கிறவருக்குத்தான் தெரியும். ஏஜென்ட்டுக்கு நாம் போன் செய்வது நாற்றம் வந்த பிறகு.

கழிவு பிறக்கிற இடத்திலேயே கை வைப்பதும் நம் ஆளால்தான் முடியும். பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஊறப்போட்டால் நெல் புளிக்கும். அரிசியிலும் வாடை ஏறும், வாய்க்காலிலும் ஏறும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் காட்டிய சுடுநீர் முறையில் 65 முதல் 70 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க நேரமே இருக்காது. மாமா ஆலையிலும் சுடுநீர்தான். ஆனால் நாலு தொட்டியில் இரண்டுக்கு வெப்பமானி உடைந்து ஒரு வருடம் ஆகிறது. கை வைத்துப் பார்த்துச் சூடு சொல்கிறார்கள். சூடு குறைந்தால் நேரம் கூடும், நேரம் கூடினால் புளிக்கும். இதை இரண்டாவது நாளே கண்டுபிடித்துச் சொன்னது அந்த பாய்லர் ஆபரேட்டர்தான். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மாமா கேட்டதற்கு, "அது என் வேலன்னு யாரும் சொல்லலியேண்ணே" என்றார்.

வரவுப் பக்கமும் இருக்கிறது. அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையரின் ரேடியேட்டரில் நீராவி குளிர்ந்து நல்ல சூட்டோடு தண்ணீராக இறங்குகிறது. அவிப்பதற்கு நெல்லுக்குள் விடும் நீராவியைத் திரும்ப எடுக்க முடியாது, இந்தத் தண்ணீரைப் பிடித்துப் பாய்லருக்கே திருப்பி விடலாம். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிஞ்சும் என்பது பாய்லர்காரர்களின் வாய்பாடு. 30 டிகிரியை 60 ஆக்கினால் ஐந்து சதவீதம். நாளுக்கு 6 டன் உமி எரிக்கிற ஆலையில் 300 கிலோ. செங்கல் சூளைக்காரர் உமியைக் காசு கொடுத்து வாங்கிப் போகிற ஊரில் அந்த 300 கிலோ சாம்பலாகாமல் நிற்பது என் பேரேட்டில் வரவு. புழுதியும் அந்த அளவுக்குக் குறையும். மாமா ஆலையில் இந்தத் தண்ணீர் இதுவரை சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வழியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொட்டியைப் பெரிதாக்க வடிவம் போடுவது அவரால் ஆகாது. பி.ஓ.டி. பார்க்க ஆய்வகம் வேண்டும். மூன்று நாளோ ஐந்து நாளோ சூடு மாறாத பெட்டியில் வைத்துப் பார்க்கிற சோதனை அது. சட்டம் மாறினால் அவருக்குத் தெரிய வழியில்லை. உதாரணத்துக்கு, 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்றுச் சட்டத்திலும் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டத்தொகை என்று மாற்றியது. ஜெயில் போய்விட்டது என்று சில முதலாளிகள் நிம்மதியானார்கள். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு 15 லட்சம்தான் தெரிகிறது.

ஆகவே வடிவமைப்புக்கு ஒருமுறை நல்ல இன்ஜினியருக்குக் கூலி, சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், காகிதத்துக்கு ஏஜென்ட், அன்றாடத்துக்கு நம் ஆள். ஏஜென்ட் கொண்டுவரும் அறிக்கையில் 15,000 என்று இருந்தால் "நம்ம மில்லுல நாப்பத்தஞ்சாச்சே" என்று கேட்க உள்ளே ஒருவர் இருப்பார். மாமாவிடம் நான் சொன்ன விடை இதுதான்.

இதற்குச் சாட்சி நம் டெல்டாவிலேயே இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணையில் போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் குளத்தில் ஆக்சிஜன், பிறகு உப்பு, கார அமிலத் தன்மை, அம்மோனியா என்று எல்லாவற்றையும் பண்ணை டெக்னீசியன் அளந்து எழுதியிருப்பார். பட்டப்படிப்பு இல்லாத பையன்களும் அதைச் சரளமாகச் செய்கிறார்கள். ஏனென்றால் தண்ணீர் கெட்டால் இரவோடு இரவாக இறால் மிதக்கும். நமக்குத் தண்ணீர் கெட்டால் நெல் சாவதில்லை, அதனால்தான் நாம் கற்றுக்கொள்ளவில்லை. குளத்துக்குள் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் வெளியே விட்ட தண்ணீரில் கோட்டை விட்டதும் உண்டு. நிலமும் குடிநீரும் உப்பாகிறது என்று இந்தக் கீழ்த்தஞ்சை மண்ணிலிருந்து காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு நாட்டின் இறால் தொழிலையே உலுக்கியது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. வாசலில் வந்து நின்ற நாலு பேரை மாமா லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இதைத்தான் சொல்லிக் காட்டினேன்.

2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனபோது, நம் ஆலைக்கும் ஆபத்தா என்று பலர் கேட்டார்கள். அந்தச் சட்டம் தடுப்பது உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றை. அரிசி ஆலையை அல்ல. ஆனால் ஊர்க்காரர்களின் கண் கூர்மையாகிவிட்டது, அது உண்மை. வாங்குகிறவர்களும் மாறுகிறார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் பொறுப்பறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அந்த மாதிரிக் கம்பெனிக்கு அரிசி கொடுப்பவருக்குத் தண்ணீர் எவ்வளவு, சாம்பல் எங்கே போகிறது என்று ஒரு படிவம் என்றைக்காவது வரத்தான் போகிறது. நோட்டு எழுதுகிற ஆலைக்கு அதை நிரப்ப அரைமணி நேரம் போதும்.

பயிற்சி எங்கே என்று கேட்பீர்கள். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் தொடங்கிய பசுமைத் திறன் திட்டத்தின் பட்டியலில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயக்குவதும் ஒன்று. இப்போது எங்கே வகுப்பு நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். புழுக்குவது பற்றி என்றால் வெளியூர் போக வேண்டாம். முன்பு நெல் பதன ஆராய்ச்சி நிலையம் என்று நம் அப்பாக்கள் அறிந்த இடம்தான் இப்போது தஞ்சாவூரில் நிப்டெம் என்ற பெயரில் இருக்கிறது. தொட்டி விஷயத்துக்கு, ஒழுங்காக ஓடுகிற இன்னோர் ஆலையில் பதினைந்து நாள் நிற்க வைப்பது எந்த வகுப்புக்கும் குறைந்ததில்லை.

மாமா கடைசியில் பையனையே அனுப்பினார். தொட்டியைப் பெரிதாக்கும் வேலை குறுவைக்கு முன் முடிய வேண்டும் என்று கொத்தனார் பிடித்தாகிவிட்டது. பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, போன் நம்பரையும் மாற்றியாகிவிட்டது. ஏஜென்ட்டுக்குக் கொஞ்சம் வருத்தம். பாய்லர் ரூம் ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நூலில் கட்டின பேனாவோடு ஒரு நோட்டு.

இன்னும் முடியாதது ஒன்றுதான். இரண்டு வேலை பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு ஏற்றுவது? மாமா ஆயிரம் என்கிறார். நான் ஐந்தாயிரம் என்கிறேன். மன்னார்குடி ரோட்டில் புதிதாக ஓர் ஆலை வருகிறது, அவர்களுக்கும் இப்படி ஓர் ஆள் தேவைப்படும் என்று நேற்றும் ஒரு தடவை நினைவுபடுத்திவிட்டு வந்தேன்.